கோழி தின்ற வேர்

ஆலங்குடிப் பக்கம் வீட்டில் கோழி வளர்க்கும் நாங்கள், கோழிகளுக்கு நிழல் வேண்டி ஆளுக்கொரு மரக்கன்று மாற்றிக்கொள்வோம். அதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். கஞ்சி போட்ட சட்டை. பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் திருகுவார். அடியில் இருக்கும் மண்கட்டி உடையாமல் நடச் சொல்லி எனக்கொரு கொய்யாக் கன்று தந்தார். மறுநாளே கோழி கிளறிச் சாய்த்துவிட்டது. பார்த்தால், மண்ணில் சொருகிய வெறும் கிளை.

“சார், இதுல வேரே இல்லையேங்க.”

கடிகாரத்தைத் திருகினார். “இருந்துச்சுங்க. ஒங்க கோழிதான் தின்னுருக்கும். அடக்கி வளக்கணும்.”

இவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பதிலுக்கு நான் தரவேண்டிய கறிவேப்பிலைக் கன்றை அவரே தோண்டி எடுத்தார். சாக்கில் கட்டுமுன், வேர் முழுசாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.