மூன்றாம் பக்கத்தில் விட்ட இடம்

என் வேதப்புத்தகத்தின் நடுவில் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. ஒரே தாளை இரண்டாக மடித்து நான்கு பக்கமாக்கியது. முதல் பக்கத்தில் ஓர் இளைஞனின் படம், அதன் கீழே அடக்க ஆராதனை நடைபெறும் நேரம். இரண்டாம் பக்கத்தில் ஜெபமும் முதற்பாட்டும். மூன்றாம் பக்கத்தில் அவனுடைய வாழ்க்கைக் குறிப்பு. பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, படித்தது, ஆழ்வார்குறிச்சியில் ஆசிரியர் பணியில் சேர்ந்தது என்று சில வரிகளிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நான்கு விரல் அகலத்திற்கு எதுவும் அச்சிடப்படாத வெள்ளை. நான்காம் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில் பாடும் பாட்டு. இந்தத் தாளைக் கையிலெடுக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாகவே அந்த வெள்ளையின்மேல் போய் நிற்கிறது.

இதைத் தட்டச்சு செய்து பக்கம் அமைத்தவர் பாளையங்கோட்டையில் எங்கள் சபை அலுவலகத்தின் கிளார்க். அந்த இளைஞனின் தகப்பனும் அவரே.

ஆலய மணியடிக்கவும் வளாகத்தைப் பெருக்கவும் வேலைக்கு வந்தவன் நான். காலப்போக்கில் அலுவலகத்தில் தட்டச்சில் உதவவும் எனக்கொரு நாற்காலி கிடைத்தது. வயதில் நான் மூத்தவன் என்பதால் அவர் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரைக் கிளார்க்கையா என்பேன். எங்கள் சபையில் ஒரு மரணம் நேர்ந்தால் முதலில் மணியடிக்க என்னைத் தேடுவார்கள். அடுத்து ஆராதனைத் தாளுக்காக அவரைத் தேடுவார்கள். அதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அந்த வீட்டில் முன்பு இறந்தவருக்கு அடித்த தாளைக் கணினியில் திறந்து, பெயரையும் வாழ்க்கைக் குறிப்பையும் மாற்றி, புதிய தாளை அமைப்பார். ஏனெனில் தாய்க்குப் பாடிய பாட்டையே தகப்பனுக்கும் பாட வேண்டும் என்று கேட்பது எங்கள் குடும்பங்களின் வழக்கம். துக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன பாட்டு என்று கேட்கவேண்டிய நிலை வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். மூன்றாம் பக்கத்தில் இடம் மிஞ்ச விடமாட்டார். குறிப்பு சிறியதாக இருந்தால் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குவார், அல்லது ஒரு வசனத்தைச் சேர்ப்பார். "காலியா விட்டா, அவங்க ஒண்ணுமில்லாம வாழ்ந்துட்டுப் போன மாதிரி தெரியும் அண்ணாச்சி" என்பார். அப்படிப்பட்டவர், அம்பாசமுத்திரம் சாலையில் நேர்ந்த விபத்தில் மகனை இழந்த அன்று, எவரையும் நெருங்கவிடாமல் தாமே அமர்ந்து மகனின் தாளை அடித்தார். அச்சிடும் முன் நான் பார்த்தேன். குறிப்புக்குக் கீழே இடம் வெறுமையாகக் கிடந்தது. வசனம் ஏதும் சேர்க்கட்டுமா என்று தயங்கிக் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம். அது அவனுக்குள்ள இடம்" என்றார். இருந்திருந்தால் மகன் வாழ்ந்து நிரப்பியிருக்கக்கூடிய இடம் அது என்று எனக்கு விளங்கியது.

சில ஆண்டுகள் கழித்து, அலுவலகக் கணினியில் இருந்த மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. புதுப்பிக்காவிட்டால் பழைய கோப்புகளைப் பார்க்கலாம், திருத்த முடியாது. அதற்காக நடந்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் தேநீர் கொடுப்பதற்காக நானும் இருந்தேன். எங்கள் பொருளாளர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம், கணக்கு, பக்க அமைப்பு எல்லாவற்றையும் செய்யக்கூடிய இலவச மென்பொருள் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது என்று அவர் எடுத்துரைத்தார்.

"இது வருசா வருசம் வாடகை கட்டுத மாதிரில்லா இருக்கு. சும்மா கிடைக்குத வீட்டுல குடியிருக்கலாம்னா எதுக்குவே வாடகை?"

"வீடு சும்மா கிடைக்கும் சார், இல்லன்னு சொல்லல" என்றார் கிளார்க். "ஆனா இங்க உள்ள சாமானத் தூக்கி அங்கன வச்சா, பீரோ வாசல அடைச்சுக்கிட்டுல்லா நிக்கும்."

"பீரோவப் பைய திருப்பி வையும்வே! வேற என்ன சோலி உமக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க்கும் சிரித்தார். பிறகு தம் கட்சியைப் பொறுமையாக விளக்கினார். பழைய தாள்களில் உள்ள தமிழ் எழுத்துரு இந்த இலவச மென்பொருளில் கிடையாது. கோப்பைத் திறந்தால் அது வேறோர் எழுத்துருவைத் தானாக எடுத்துக்கொள்ளும். அது சற்று அகலமானது. ஆகையால் வரிகள் பெருகி ஒன்றின்மேல் ஒன்று ஓடும். ஒவ்வொரு வீட்டுத் தாளையும் மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். பொருளாளர் சொன்னதிலும் தவறு இல்லை. காணிக்கைப் பணத்தில் நடக்கும் அலுவலகம், ஓயாத ஒரு செலவை ஏன் சுமக்க வேண்டும்? குருவானவர் இரு தரப்பையும் கேட்டார். கைகள் உயர்ந்தன. இலவசமே போதும் என்று முடிவாயிற்று. மகனின் தாளைப் பற்றி அந்தக் கூட்டத்தில் கிளார்க் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் மறுத்திருக்கமாட்டார்கள். அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். இறந்தவர்களின் தாள்களை ஒவ்வொரு வீடாகத் திறந்து, ஓடிப்போன வரிகளை இழுத்து வந்து, பாட்டுகளைப் பழைய பக்கத்தில் நிறுத்தினார். யாரும் இறக்கக் காத்திராமல் முன்கூட்டியே ஆயத்தம் செய்வது சற்று அச்சமூட்டும் வேலைதான். அவரோ அதை வேடிக்கையாக்கினார். என் தாயாருக்கு அடித்த தாளைச் செம்மை செய்து முடித்த மத்தியானம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"உங்க வீட்டுத் தாளு ரெடி அண்ணாச்சி. இனி நீங்க எப்ப வேணும்னாலும் புறப்படலாம்."

"உம்மள முந்தி அனுப்பி வச்சுட்டுத்தான் ஓய் நான் புறப்படுவேன்" என்றேன். "உமக்கு மணியடிக்க வேற எவன் இருக்கான்?"

"அப்ப சரி. நல்லா இழுத்து அடிக்கணும், சொல்லிட்டேன். கைவலின்னு பாதியில விட்டுறக் கூடாது."

மழைக்காலம் முடிவதற்குள் எல்லா வீடுகளும் முடிந்தன, ஒன்றைத் தவிர. ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது அவர் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். மகனின் தாள் திறந்திருந்தது. அகலமான புதிய எழுத்தில் அந்தச் சில வரிகள் பெருத்து, பக்கத்தின் அடிவரை இறங்கியிருந்தன. கீழே இருந்த வெள்ளை முழுவதும் மறைந்துபோயிருந்தது.

"அந்த இடம் போச்சு அண்ணாச்சி" என்றார்.

எழுத்தைச் சுருக்கினால் இடம் வந்துவிடும் என்றேன். அதை அவர் அறியாதவரா? ஒரு மாற்றமும் செய்யாமல் கோப்பை மூடினார். "இது கிடக்கட்டும். தேவைப்படுதப்ப பாத்துக்கிடலாம்" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வீட்டில் தேவைப்படுவது என்றால் என்ன என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். சந்தாவுக்காக அவர் கூட்டத்தில் வாதாடியதன் காரணம் எனக்கு அன்று முழுமையாகப் புலப்பட்டது. அவர் கேட்டது வசதியை அல்ல. ஒருமுறை தம் கையால் செய்து முடித்ததை மீண்டும் ஒருமுறை செய்யாதிருக்கும் சலுகையைக் கேட்டார்.

அந்தத் தேவை அடுத்த கோடையில் வந்தது. விடியற்காலையில் கிளார்க் நெஞ்சுவலி என்றாராம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் மணியடித்தேன். அவர் கேட்டபடியே இழுத்து அடித்தேன். பிறகு அலுவலகத்தைத் திறந்து, அவருடைய நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தேன்.

மாலையில் அடக்கம். பொருளாளர் வேட்டியும் கசங்கிய சட்டையுமாக வந்து என் பின்னால் நின்றார். திரையில் மகனின் தாள் வரி குலைந்து கிடப்பதைக் கண்டதும், "என்ன இது?" என்றார். சொன்னேன். அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அந்த மனுசன்" என்றார். பிறகு, "ஒரு மாசத்துக்கு மட்டும் இப்ப சந்தா கட்டிருதேன் அண்ணாச்சி, என் கையிலேருந்து. பழையபடியே திறக்கும். அப்படியே எடுத்து அடிச்சிருவோம்" என்றார்.

அது நல்ல யோசனைதான். ஆயினும் ஒரு மாதம் கழிந்ததும் தாள் மறுபடியும் குலையும். அந்த வீட்டில் இன்னும் ஒருவர், கிளார்க்கின் மனைவி, இருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வேண்டாம் சார். எல்லா வீட்டுக்கும் அவரு கையால திருப்பி வச்சுட்டாரு. அவரு வீட்டுக்கு நான் வைக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பொருளாளர் ஒரு காகிதத்தை எடுத்து வாழ்க்கைக் குறிப்பை எழுத ஆரம்பித்தார். சபைக்காகக் கிளார்க் உழைத்த காலத்தையும், அவருடைய நேர்மையையும், பாடகர் குழுவில் அவர் பாடியதையும் எழுதிக்கொண்டே போனார். அவர் எழுத எழுத நான் அடித்தேன். மகனுக்கு விட்ட இடத்திற்குள் தகப்பனுடைய வாழ்வு வரி வரியாக இறங்கிப் பக்கத்தை நிறைத்தது.

சரிபார்ப்பதற்காக ஒரு பிரதியை அவர் வீட்டுக்கு எடுத்துச்சென்றோம். கிளார்க்கின் மனைவி கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் விரலை அடிப்பகுதியில் வைத்தார்.

"இங்கன புள்ளைக்கு இடம் விட்டிருந்தாங்கள்லா."

பொருளாளர் தலைகுனிந்தார். "இவரப் பத்திச் சொல்ல நெறைய இருக்கும்மா. ஒண்ணையும் விட மனசு வரல."

"விட்டுருங்க சார். அவங்க இருந்தா அதத்தான் மொதல்ல வெட்டுவாங்க."

திரும்பி வந்து வெட்டினோம். பொருளாளர் வாசித்தபடி ஒவ்வொன்றாக அடித்துக் கழித்தார். நேர்மை போயிற்று, பாடகர் குழு போயிற்று, உழைத்த காலம் போயிற்று. பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, மணம் புரிந்தது, ஒரு மகனைப் பெற்றது, சபையில் பணியாற்றியது என்பவை மட்டும் எஞ்சின. பிறகு நான் எழுத்தைச் சுருக்கினேன். பக்கத்தின் அடியில் வெள்ளை மெல்ல விரிந்து மேலேறியது. மகனின் பழைய தாளை அருகில் வைத்து விரலால் அளந்தேன். நான்கு விரல் வந்ததும் நிறுத்தினேன்.

இப்போது என் வேதப்புத்தகத்தில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. அலுவலகத்தில் புதிதாக வந்த பெண் அதே இலவச மென்பொருளில்தான் வேலை செய்கிறாள், குறையொன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கோப்பை மட்டும் என்னைக் கேட்காமல் திறக்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு முன் சில வேளைகளில் இரண்டையும் விரித்து ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிறேன். தகப்பனின் தாளில் என் கட்டைவிரல் நிற்கும் இடத்திற்கு நேர் பின்னால், மகனின் தாளிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.