அவள் எனக்காகப் பேசினாள்

காலையில் பேசுவது எனக்கு ஆகவே ஆகாது. கீழப்பழுவூரில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் போய்ச் சேரும் வரை யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் அதுவே எனக்குப் பெரிய உபகாரம். அவளுக்கோ கண் விழிக்கும்போதே வாயும் விழித்துவிடும். நாங்கள் இருவரும் ஒரே ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தோம். அதுவும் ஒரே அறையில், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்.

அவள் என்னைவிட இளையவள், பெரம்பலூர்க்காரி. வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர்களையெல்லாம் அம்மாயி, பெரியப்பா என்று உறவாக்கிக்கொள்வாள். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் மெஷினைச் சரிபார்க்கும்போது அத்தனையையும் என் முதுகிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கண்ணாடிக் கதவைப் பட்டென்று சாத்தினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில்தான் எனக்கு வேலை நன்றாக ஓடியது.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்.

“அக்கா, நான் வெளிய உக்காந்து ரத்தம் எடுக்குறேன். நீங்க உள்ள மெஷினப் பாத்துக்குங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

அப்படியே செய்தோம். ஊசிக்குப் பயந்தவர்கள் அவள் பேச்சில் பயத்தை மறந்தார்கள். நானும் அமைதியாக ரிப்போர்ட் அடித்தேன். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வராது. சதை போட்ட கை, வயதான கை, குழந்தையின் கை, இதிலெல்லாம் நரம்பு கிடைக்காமல் தடுமாறிப் போவாள். அப்போது மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியில் தட்டுவாள். நான் மாஸ்க்கோடு வெளியே வந்து, விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவ்வளவு நேரமும் அவள் அந்த ஆளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பேசிக்கொண்டே இருப்பாள். அப்படி நான் ரத்தம் எடுத்துவிட்டுப் போன ஒரு கிழவி, அவள் கன்னத்தைத் தடவி, “வலிக்கவே இல்லத்தா, ஒன் கை ராசியான கை” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இந்த வாயாடியோடும் காலம் தள்ளிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இந்தச் சமயத்தில் லேப் முதலாளி அரியலூரில் ஒரு கிளை திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே ஒரே ஆள்தான். ரத்தமும் எடுக்க வேண்டும், மெஷினையும் பார்க்க வேண்டும். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்து வீட்டு வாசற்படியில் பையைக்கூடக் கழற்றாமல் நான் வரும் வரை உட்கார்ந்திருப்பாள். அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் போக மாட்டாள். என்னை மாதிரியே வாயைத் திறக்காத ஜென்மம். அரியலூர் என்றால் இருட்டுவதற்குள் அவளிடம் போய்விடலாம்.

இதை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். லேபில் மதியச் சாப்பாட்டின்போது அவளிடம். கேட்டுவிட்டு அவள் கண் கலங்கினாள்.

“நீங்க சார்கிட்ட போயி நின்னா வார்த்தையே வராதுக்கா. நான் பேசுறேன், விடுங்க.”

விட்டேன். அந்த வாய் எனக்காக ஒருமுறை வேலை செய்யப்போகிறது என்று சந்தோஷமாகவே இருந்தேன்.

அடுத்த வாரம் முதலாளி வந்தார். நல்ல மனிதர், கடிந்து பேசத் தெரியாதவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“அரியலூருக்கு அந்தப் புள்ளையவே போட்டுட்டேம்மா. ஒங்களுக்கு ஊசி புடிச்சா கை நடுங்குமாமே. சொல்லிச்சு. அதுக்கென்ன, இங்க மெஷின் ஒங்கள விட்டா யாரு பாக்குறது?”

அவள் பக்கத்தில்தான் நின்றாள். “ஆமா சார், அக்காவுக்கு உள்ளயே இருக்குறதுதான் புடிக்கும்” என்றாள், எனக்கு உதவி செய்கிற குரலில். எனக்கு எந்தப் பதிலும் உடனே வராது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் போனதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அங்க தனியா எல்லார்கிட்டயும் பேசணும்க்கா. நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்...” என்று இழுத்தாள்.

இன்சார்ஜ் என்று தன் பேருக்கு ஒரு போர்டு வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் உள்ளே, அவள் வெளியே என்பது என் குணத்தோடு ஒத்துப்போவதற்காக அவள் கண்டுபிடித்த ஏற்பாடு என்றல்லவா நம்பியிருந்தேன்? என்னை எந்தக் கண்ணாடிக்குள் உட்கார வைத்தாளோ, அதையே காட்டி எனக்கு வேலை தெரியாது என்று சொல்லிவிட்டாள். பிடிக்காதவள் செய்திருந்தால் ஆறியிருக்கும். நான் சிரமப்பட்டுப் பிடிக்கப் பழகிக்கொண்டவள் செய்தாள்.

அதன் பிறகு நான் பெரம்பலூருக்குப் போகும் பஸ்ஸுக்கு எதிரே, அரியலூர் போகும் பஸ்ஸில் அவள் போனாள். என் மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள்தான். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“அக்கா, ரெண்டு கையிலயும் குத்திப் பாத்துட்டேன், நரம்பே கெடைக்கல. அவுங்க அப்பா சத்தம் போடுறாரு. ஒங்க வூட்டுக்குத்தான் அரியலூரு பக்கமாச்சே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்.”

பக்கம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்குப் பதில் உடனே வந்தது.

“எனக்குத்தான் கை நடுங்குமேம்மா. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிரு” என்றேன்.

குழந்தையின் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பேசுவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட சடையைப் பின்ன ஆரம்பித்தேன்.