நெட்டு நின்றுபோன நாள்

எங்களை வளர்த்ததில் கோவில்பட்டி அத்தைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்த வளர்ப்பு முழுவதும் ஒரு டேப்லட் வழியாகத்தான் நடந்தது. அப்போது நாங்கள் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் பகல் ஷிஃப்ட். அம்மா பக்கத்துத் தெரு கிளினிக்கில் பில் போடும் கவுண்டரில் இருந்தாள். எங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் கோடை விடுமுறை பார்த்து லீவில் ஊருக்குப் போய்விட்டார். எட்டு வயது நானும் பதினொரு வயது அக்காவும் வீட்டில் தனியாக இருக்க வேண்டியதாயிற்று.

தனி என்று சொன்னால் அத்தை கோபித்துக்கொள்வாள். அவள் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. மாமா இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். காலையில் அம்மா படியிறங்கும்போது வீடியோ காலில் வந்து உட்கார்ந்தால், மதியம் அம்மா சாப்பாட்டுக்கு வரும்வரை நகரமாட்டாள். டிவி ஸ்டாண்டின்மேல் டேப்லட்டைச் சாய்த்து வைத்திருப்போம். அங்கே அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள், இங்கே நாங்கள் தலைசொறிந்தால்கூட, "என்னட்டி, பேனா?" என்று குரல் வரும்.

அம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். "யார் தட்டினாலும் கதவைத் திறக்கப்படாது. வெளிய காலெடுத்து வைக்கப்படாது. ஒரு வம்பு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், ரெண்டு பேரையும் அத்தை வீட்டுக்கே அனுப்பிருவேன். அங்கயே படிங்க." அது வெறும் மிரட்டல் இல்லை. எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டுப் பிள்ளைகளை அப்படி அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய அப்பா தினமும் மாலையில் போனும் கையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். அப்பாவை நானும் இனி போனில் மட்டும்தான் பார்க்க வேண்டிவருமோ என்று அவரைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பேன்.

இத்தனை ஒழுங்கையும் கெடுத்தது ஒரு ஜெர்மன் படம். விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் போட்டார்கள். பெற்றோர் வெளியூர் போய்விட, மூன்று பிள்ளைகள் காவலுக்கு வந்த அம்மாளை ஏமாற்றி அனுப்பிவிட்டு வீட்டை ஆளுகிற கதை. எனக்கு ஜெர்மனும் தெரியாது, கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்க வேகமும் போதாது. ஆனாலும் வாயைப் பிளந்து பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே மாடிப்படி. அதில் மெத்தையைப் போட்டுச் சறுக்குகிறார்கள். கூடமெல்லாம் சோப்பு நுரை. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கே போகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உலகத்தில் இப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அன்று இரவு முழுக்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

அக்கா பிரமிப்போடு நிற்பவள் இல்லை, திட்டம் போடுபவள். நெட் மெதுவானால் அத்தை வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். அத்தை உறையலாம் என்றால் நாமும் உறையலாம் அல்லவா? இரண்டு நாள் படுக்கையறையில் ஒத்திகை பார்த்தோம்.

மூன்றாம் நாள் அக்கா இட்லியை வாய்க்கு நேராகத் தூக்கியபடி நின்றாள். நான் சிரித்த வாக்கில் நின்றேன். "ஏட்டி... ஏ பிள்ளைகளா..." என்று அத்தை கூப்பிட்டாள். எங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "நெட்டு நின்னுபோச்சு போலுக்கே" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். இணைப்பைத் துண்டித்தால் சந்தேகம் வரும் என்று அக்கா ஒரு துண்டை எடுத்து டேப்லட்டின்மேல் மெதுவாகப் போர்த்தினாள். என் அக்காவைப்போல் ஒருத்தி பூமியில் இல்லை என்று அந்த நொடியில் நான் மனதார நம்பினேன்.

பாத்திரம் தேய்க்கும் திரவம் பாதி பாட்டில் தரையில் போனது. மாடிப்படி இல்லாத குறைக்குச் சோபாவிலிருந்து குதித்துச் சறுக்கினோம். சமையலறை வரைக்கும் வயிற்றாலேயே போனேன். பிறகு அக்கா, தெருவுக்குப் போகாவிட்டாலும் லிஃப்டில் ஒருமுறை மேலும் கீழும் போய்வரலாம் என்றாள். நுரை சொட்டச் சொட்ட வராந்தாவுக்கு வந்தோம். எங்களுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அது சாத்தினால் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கதவைத் தள்ளிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். எதற்கும் கலங்காத அக்கா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அம்மா வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பதும், அப்பா கையாட்டுவதும் எனக்குக் கண்ணெதிரே வந்துவிட்டது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. லிஃப்ட் திறந்தது. கட்டடத்து மலையாளி வாட்ச்மேன் சேட்டன் கையில் மாற்றுச் சாவியோடு வந்தார். "நாட்டில இருந்து அம்மாயி விளிச்சு. குட்டிகள் வெளியில நிக்குதுன்னு பறஞ்ஞு" என்றபடி கதவைத் திறந்துவிட்டார். எங்கள் கால் நுரையைப் பார்த்து, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்ன அம்மாயி அத்தைதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி மனாமாவில் ஒரு சாவியை நடக்க வைத்திருக்கிறாள். துண்டை எடுத்தோம். அத்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்தது, கதவு அறைந்தது, அக்கா வெளியிலிருந்து தட்டியது எல்லாம் துண்டைத் தாண்டி அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாட்ச்மேனின் நம்பரை முதல் நாளே அம்மாவிடம் வாங்கி வைத்திருந்தாளாம்.

"மொதல்ல தரையத் துடைங்க. அம்மா வாரதுக்குள்ள காயணும்" என்றாள். அவ்வளவுதான். மூலையில் நுரை மிச்சம் இருப்பதைக்கூட அங்கிருந்தே சுட்டிக்காட்டினாள்.

அம்மா வந்ததும் வழக்கம்போல் கேட்டாள்: "மதினி, பிள்ளைய எப்படி இருந்தாவ?"

நான் தரையில் மிச்சமிருந்த ஈரத்தின்மேல் காலை வைத்து மறைத்தேன்.

"தங்கமா இருந்தாளுவ" என்றாள் அத்தை. "சத்தமே இல்ல."

அத்தை பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பெரிய துப்பறிவாளர், எவ்வளவு நல்லவள் என்று வியந்துகொண்டே தூங்கினேன். அந்த விடுமுறையில் அவள் கோவில்பட்டிப் பள்ளியில் எங்கள் இருவருக்கும் இடம் கேட்டு வைத்திருந்ததும், மாடி அறைக்கு வெள்ளையடித்து இரண்டு கட்டில் வாங்கிப் போட்டதும் பல வருடம் கழித்து அப்பா சொல்லித்தான் தெரியும். அம்மா மனசு மாறினால் எந்த நேரமும் நாங்கள் வந்துவிடுவோம் என்று அவள் காத்திருந்தாளாம்.

மறுநாள் காலை அவள் திரையில் வந்ததும் டேப்லட்டைக் கட்டிக்கொள்ளாத குறையாக ஓடினேன். "அத்தை, நல்லவேள உங்களால தப்பிச்சோம். இனி நாங்க உங்க வீட்டுக்கு வரவேண்டியதில்ல" என்றேன்.

"ஆமாட்டி, தப்பிச்சே" என்று அவள் குனிந்துகொண்டாள். ஊசியில் நூல் கோக்க அன்று அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கண்ணாடி மாற்றவேண்டும் அத்தை என்று நான் யோசனை சொன்னேன்.