கருஞ்சிவப்புத் தாள்

எங்கள் அத்தை ஒரு காரியத்தை நினைத்துவிட்டால் அது நடந்தே தீரவேண்டும். தேரடிப் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெங்களூரில் படித்த சித்தப்பா லீவுக்கு வந்தபோது, சிநேகிதனிடம் இரவல் வாங்கிய ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். நாமே ஓர் ஊரைக் கட்டி ஆளவேண்டும். ரோடு, கரண்டு, போலீஸ் எல்லாம் நம் பொறுப்பு. அத்தை சோறு தண்ணி மறந்து ஓர் ஊரைக் கட்டி, எங்கள் தெருப் பெயரையே அதற்கு வைத்தாள்.

பிளாப்பியைப் பிரதி எடுப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் விளையாட்டு ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரைக் காட்டி அதன் ஜனத்தொகையைக் கேட்கும். பதில் தெரியாவிட்டால் பூகம்பமும் வெள்ளமும் வந்து நம் ஊரை அழித்துவிடும். பதிலெல்லாம் விளையாட்டோடு வந்த ஒரு தாளில் இருந்தது. தாளோ லீவு முடிந்து கிளம்பும் சித்தப்பாவோடு அன்று சாயங்காலமே திரும்பிப் போகவேண்டும். பௌர்ணமிக் கிரிவலத்துக்கு வரும் கூட்டம் இறங்குவதற்குள் அவர் பஸ் பிடித்தாக வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்து. நகல் கரி பூசினதுபோல் வந்தது. கடைக்கார அண்ணன் மையைக் கம்மி பண்ணினார். இப்போது கறுப்போடு எழுத்தும் போய்விட்டது.

"இது அமாவாசையில பொறந்த காயிதம்மா" என்று கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சித்தப்பா விட்டுவிடச் சொன்னார். "கள்ளன் பெரிசா, காப்பான் பெரிசா, பாத்துடலாம்டா" என்றாள் அத்தை. இதில் கள்ளன் யாரென்று எனக்கு விளங்கவில்லை. கையெழுத்தை நம்பாதவள் அவள். ஒரு டைப் மிஷினை மொட்டை மாடிக்கு ஏற்றவைத்தாள். உச்சி வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் எழுத்து லேசாக மினுங்கியது. ஈரச்சாக்கில் உட்கார்ந்து நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், அத்தை அடித்தாள், சித்தப்பா அவளுக்குக் குடை பிடித்தார். என் கண் எரிந்து தண்ணீர் வழிந்தது.

"ஆறா, எட்டா? ஒழுங்கா பாத்து சொல்லு. நீ தப்பா சொன்னா நம்ம ஊரு ஜனங்க சாவாங்க."

மறுபடி பார்த்தேன். எட்டு.

கடைசி வரி முடிந்ததும் அத்தை கீழே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். கேள்வி வந்தது. டைப் அடித்த தாளைப் பார்த்துப் பதில் கொடுத்தோம். ஊர் அசையாமல் நின்றது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய விளையாட்டைச் செய்தவர்களுக்கு, எந்தத் தாளில் எந்த மை எடுக்கும் என்று தெரியவில்லையே. அடுத்த தடவை வெள்ளைத் தாளில் அச்சடிக்கச் சொல்லி அவர்களுக்கு ஒரு கடுதாசி போடலாமா என்று கேட்டேன். சித்தப்பா நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"வேணாம்டி கண்ணு. பாவம், அவங்க மனசு கஷ்டப்படும்."

யாரும் நகல் எடுக்கக்கூடாது என்றே அடித்த தாள் அது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர்கள்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டே ரொம்ப காலம் அந்த ஊரை ஆண்டேன்.