இடப்பக்கம் போன மூன்று அம்புகள்

உடைந்த கண்ணாடிச் சில்லால் மூங்கில் குச்சியைச் சீவும்போது எழும் 'கிரீச்' சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குப் பல் கூசும். பல்லோடு சேர்ந்து மனமும் கூசும்.

தொண்ணூறுகளின் நடுவே ஒரு மே மாத விடுமுறை முழுவதும், நாகல் நகர் வீட்டு மொட்டை மாடியில் நானும் என் சித்தி மகள் ஜான்சியும் அந்தச் சத்தத்தோடுதான் கிடந்தோம். சர்ச் பங்குத் திருவிழாப் போட்டிகளில் அந்த ஆண்டு பெண் பிள்ளைகளுக்கும் வில்லெய்தல் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த மூங்கில் வில் ஆளுக்கு ஒன்று இருந்தது; என்னுடையது முரட்டு வில், அவளுடையது இளசு.

வில்லுக்குத் தக்கபடி அம்பு இருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவள் ஜான்சிதான். இளகிய வில்லில் விறைப்பான அம்பை வைத்தால், எத்தனை சரியாகக் குறி பார்த்தாலும் அது இடப்பக்கம் ஒதுங்கிவிடும். அந்த மாதிரி அம்பு 'மொறைக்குது' என்பாள். கொஞ்சம் சீவுவாள், எய்து பார்ப்பாள், முனையில் செம்புக் கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றி மறுபடி எய்வாள். என் முரட்டு வில்லுக்கான அம்புகளையும் அவளேதான் சரிசெய்து கொடுத்தாள், எனக்கு அந்தப் பொறுமை ஏது? அடையாளத்துக்கு அவள் அம்புகளில் சிவப்பு நூல், என்னுடையவற்றில் பச்சை.

போட்டிக்கு முதல்நாள் சித்தப்பா, "ஜான்சிதேன் ஜெயிப்பா, நீ சும்மா தொணைக்குப் போயிட்டு வா புள்ள" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. என் விறைப்பான அம்புகளில் மூன்றை எடுத்துப் பச்சை நூலைப் பிரித்து, சிவப்பு நூலைக் கட்டி, அவளுடையவற்றை ஒளித்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் அவள் எய்த மூன்றும் இடப்பக்கமே போயின. ஒவ்வொரு முறையும் அவள் வில்லைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அம்பை மட்டும் பார்க்கவில்லை. தான் சீவிய அம்பின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பொறுக்கி வருவதுபோல் ஓடி, அந்த மூன்றையும் வேலிக்கு அப்பால் வீசினேன். எனக்கு முதல் பரிசாக வந்த எவர்சில்வர் தூக்குவாளியை வெட்கமில்லாமல் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

சித்தி அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லயாம், கைதேன் வாகு இல்ல போல" என்றார் திரும்பி வந்து. தெருப்பிள்ளைகள் 'கோணக்கண்ணி' என்றார்கள். நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்; இதை எழுதும்போது கை கூசுகிறது. ஜான்சி தன் வில்லை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளியில் பந்துகூட எறிந்ததில்லை.

போட்டி நடந்த மைதானம் இப்போது கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்தும் இடம். தூக்குவாளி எந்த வீடு மாற்றத்தில் போனதோ தெரியவில்லை. போன மாதம் ஜான்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தோடு வந்தாள். வில்வித்தைப் பயிற்சி, பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

"அதெல்லாம் வேணாம்டி. எனக்கே குறி வராது, உனக்கு எங்கிட்டு வரும்? வேணுன்னா பெரியம்மாட்டக் கேளு, அவதேன் பிரைஸ் வாங்குனவ."

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அத்தனையும் வாய்வரை வந்தது. காபியில் சீனி போதவில்லை என்றேன்.