பேசக்கூடாத ஒரு வாரம்

என் கீழுதட்டில் வெண்புள்ளி வந்த நாளிலிருந்து, யார் வீட்டில் எனக்கு எவர்சில்வர் டம்ளர், யார் வீட்டில் தூக்கிப்போடுகிற பேப்பர் கப் என்பது எனக்கு அத்துப்படி. கொரோனாவில் முகக்கவசம் வந்தபோது ஊரே அலுத்துக்கொண்டது. எனக்கோ அப்பாடா என்றிருந்தது. எல்லாரும் கழற்றிய பிறகும், லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கு அதை மாட்டிக்கொண்டுதான் போனேன். புதுச்சேரி வெயிலில் அது சும்மா காரியமில்லை.

களிம்பு, மாத்திரை, விளக்கொளிச் சிகிச்சை எல்லாம் பார்த்தாயிற்று. புள்ளி பரவுவது நின்றது, நிறம் மட்டும் திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வளராமல் இருந்ததால் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் தோல் டாக்டர். பொட்டுப் பொட்டாகத் தோலை எடுத்து நடலாம், ஆனால் உதட்டில் மேடு தட்டக்கூடும். பெரிய இடமென்றால் நிறம் தரும் செல்களைப் பிரித்துப் பூசுவார்களாம். எனக்குத் தொடையில் கொப்புளம் எழுப்பி, அதன் மெல்லிய மேல்தோலை உதட்டில் ஒட்டுவதென்று முடிவானது.

“ஒட்டினது நகரக்கூடாதும்மா. ஒரு வாரம் பேச்சு, சிரிப்பு, மெல்லுறது மூணும் கூடாது” என்றார்.

“ஒரு வாரமா? இவளா?” என்று என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

தோலை ஒட்டிக் கட்டுப் போட்டதும், எனக்குக் காவலாக, கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு உழவர்கரையிலிருந்து நாத்தனார் வந்தார். வீட்டுக்காரரின் அக்கா. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். காபியைக்கூட அண்ணாந்துதான் குடிப்பார். பெற்ற பிள்ளை வாய் வைத்த டம்ளரையும் தொடமாட்டார். கல்யாணமான நாள் முதல் எங்களுக்குள் வாய்ச்சண்டை ஓய்ந்ததில்லை. இப்போது எதிராளிக்கு வாயைக் கட்டியாகிவிட்டது. விடுவாரா?

“இப்ப பதில் பேச முடியாதுல்ல, நல்லா கேட்டுக்க” என்று ஆரம்பித்து, என் சீமந்தத்தில் நடந்தது வரைக்கும் இழுத்தார். நான் கண்ணை உருட்டினேன்.

“மொறைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலியா?”

சிரித்துவிடுவேனோ என்று பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டுப் பிரிக்க இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டம்மா பார்க்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, நான் அங்கே இல்லாதது போல நாத்தனாரிடம் கேட்டார்: “கூடவே இருக்கீங்களே, ஒட்டிக்காதா? எதுக்கும் இவங்க டம்ளரத் தனியா வச்சிடுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும். கேட்டால் ஒட்டிய தோல் நகர்ந்துவிடும், இத்தனை வருஷம் காத்திருந்தது வீண். பல்லைக் கடிக்கக்கூட வழியில்லை. கண்ணீர்தான் வந்தது.

நாத்தனார் எழுந்தார். ஸ்ட்ரா போட்டு நான் குடித்து மிச்சம் வைத்திருந்த மோரை எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. அதே ஸ்ட்ராவில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை சத்தம் வர உறிஞ்சினார்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார் அந்தம்மாவைப் பார்த்து. “உங்களுக்கும் ஒரு டம்ளர் கொண்டாரட்டுமா?”

அந்தம்மா அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று கிளம்பிப் போனார். என் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

“அழுவாத, ஒதடு ஆடுது” என்று அதட்டி, முந்தானையால் என் கண்ணை ஒற்றினார் நாத்தனார்.

தோல் பிடித்துக்கொண்டது. முதலில் கன்னங்கரேலென்று இருந்தது, மாசக்கணக்கில் மெல்லச் சமமானது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெள்ளை மிச்சம். அதையும் சரிசெய்யலாம் என்கிறார் டாக்டர். எனக்கு அவசரமில்லை. அவர் கைக்கு என் நன்றி ஆயுசுக்கும் உண்டு. முகக்கவசம் இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறதோ தெரியாது.

எங்கள் சண்டை பழையபடி நடக்கிறது. நாத்தனார் இன்றும் எங்கே போனாலும் அண்ணாந்துதான் குடிக்கிறார். நான் குடித்துவிட்டு நீட்டும் டம்ளரில் மட்டும் வாய் வைத்துக் குடிக்கிறார்.