பூட்டக்கா போட்ட பூட்டு

நூலகத்தின் கணினி அறைக்கு வந்துபோகிறவர்கள், அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூட்டக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். கோபப்படவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அந்த அறையில் நடந்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தன் திரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு நல்ல பிள்ளைபோல எழுந்து போவான். இன்னொருத்தன், ஏதோ அந்தக் கட்டடத்தையே கட்டிக் கொடுத்தவன் மாதிரி, தன் படத்தைத் திரை முழுக்கப் போட்டுவிட்டுப் போவான். வேண்டுமென்று செய்கிறவர்களையாவது திட்டித் தீர்க்கலாம். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். பாவம், வம்புதும்பு தெரியாதவர். அவர் உட்கார்ந்து எழுந்தால் திரையில் இருந்த சின்னப் படங்களில் பாதி, கணினியின் குப்பைத்தொட்டிக்குள் கிடக்கும்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அதுவா போயிடுச்சு."

"அதுக்கு என்ன காலா இருக்கு சார், தானா நடந்து போறதுக்கு?"

எல்லாவற்றையும் சரிசெய்து நிமிர்வதற்குள் பொழுது போய்விடும். "நாள் முழுக்க அந்த ரூம்ல என்னதான் பண்றீங்க?" என்று தலைமை நூலகர் வேறு கேட்பார். பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு. கடைசியில் கணினி பழுதுபார்க்கிறவரைப் பிடித்து, எல்லா இயந்திரத்திலும் ஒரு பூட்டு மென்பொருளைப் போடவைத்தாள். அதன் பிறகு யார் எதை மாற்றினாலும், எதைச் சேமித்தாலும், கணினியை அணைத்துப் போட்டால் போதும். அத்தனையும் அழிந்து, அவள் ஒழுங்குபண்ணி வைத்த பழைய திரை வந்து நிற்கும். பென் டிரைவ் செருக முடியாது, சி.டி.யில் எதையும் ஏற்ற முடியாது. பூட்டை எடுக்க வேண்டுமானால் அவளுடைய கடவுச்சொல் வேண்டும். அதைப் போட்டாலும், கணினி ஒருமுறை அணைந்து எழுந்த பிறகுதான் பூட்டு விலகும். புதிதாக வருகிறவர்களிடம், "ரீஸ்டார்ட் ஆனா எல்லாம் போயிடும், அப்புறம் என்கிட்ட அழக்கூடாது" என்று சொல்லாமல் அவள் யாரையும் உட்காரவிட்டதில்லை.

அவள் கணவர் பேருந்தில் கண்டக்டர். பின்வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் ஓட்டுநருக்கு விசில் தேவையில்லை. வீட்டிலும் அதே தொண்டைதான். செருப்பைக் காணோம் என்றால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும். "காது செவிடா எனக்கு?" என்று அவள் சண்டைக்குப் போவாள். அவர் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அந்தக் குரல் ஒருநாள் கம்மியது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் குடித்துப் பார்த்து, கடைசியில் பெரிய மருத்துவமனைக்குப் போனபோதுதான் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. உயிர் பிழைக்க வேண்டுமானால் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் அப்போது நிறைமாதம். "என் பிள்ளை தாத்தா குரலைக் கேக்காமலேயா வளரணும்? எப்படியாவது பதிஞ்சு வைம்மா" என்று அவள்தான் அழுதாள். அவர்களிடம் இருந்தது பேசுவதற்கு மட்டும் ஆன போன். நூலகத்திலோ, மொழிப் பயிற்சிக்கென்று மைக் வைத்த கணினி இருந்தது. ஆக, மருத்துவமனையில் சேர வேண்டிய நாளன்று, மதியம் அறை காலியாக இருந்த நேரத்தில், அவரை அங்கே கூட்டிவந்தாள்.

பூட்டை எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கடவுச்சொல்லைப் போடக் கையையும் வைத்தாள். அதற்குள் அவர் மைக்கை மாட்டிக்கொண்டு, சும்மா சோதித்துப் பார்க்கிறவர்போல, "செல்லக்குட்டி, நான்தான் தாத்தா பேசுறேன்" என்றார். எத்தனையோ வாரமாக உடைந்து உடைந்து வந்த குரல் அன்றைக்குப் பளிச்சென்று வந்தது! அவருக்கே ஆச்சரியம். "என்னை நிறுத்தாத, பதி பதி" என்று கையைக் காட்டினார். எப்படி நிறுத்துவாள்? பதிவை ஓடவிட்டாள்.

அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். பேருந்து நிறுத்தங்களை வரிசையாகக் கூவிக் காட்டினார். பிறக்கப்போகும் குழந்தையிடம் அதன் பாட்டியைப் பற்றிக் கோள் சொன்னார். மகள் சின்ன வயதில் அடம்பிடித்ததைச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் மனைவியைப் பார்த்துக்கொண்டே குழந்தையிடம், "உன் பாட்டி கோபக்காரி. ஆனா அவ இல்லன்னா நான் இல்ல" என்றார். பதிவைத் திரையிலேயே சேமித்து, ஒருமுறை போட்டுக் கேட்டார்கள். குழந்தைபோலச் சிரித்தார் மனிதர்.

வாசலில் மகள் ஆட்டோவோடு காத்திருந்தாள். "பத்திரமா எடுத்து வை. நான் முன்னால போறேன்" என்று கிளம்பினார்.

சி.டி.யில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே ஓட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. சி.டி.க்குப் பூட்டை எடுக்க வேண்டும். கடவுச்சொல்லைப் போட்டாள். 'மீண்டும் தொடங்கவா?' என்று கேட்டது. ஆயிரம் முறை அழுத்திய விரல், 'சரி' என்று அழுத்தியது. திரை கறுத்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

ஐயோ, ஐயோ என்று மின்கம்பியைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள். திரை வந்தது. அவள் ஒழுங்குபண்ணி வைத்த அதே திரை, துடைத்து வைத்ததுபோல.

பழுதுபார்க்கிறவருக்குப் போன் போட்டு அழுதாள். "அக்கா, எதுவும் தங்கக்கூடாதுன்னுதானே கேட்டு வாங்குனீங்க. அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. எடுக்க முடியாதுக்கா" என்றார்.

இன்னொரு தடவை பேசவைத்துவிடலாம், யாரிடமாவது டேப் ரிக்கார்டர் கேட்டு வாங்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குச் சுத்தமா குரல் போயிடுச்சும்மா. பேர் கேட்டாங்க, வெறும் காத்துதான் வருது. இனிமே ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நல்லவேளை, பதிஞ்சுட்டோம்."

உள்ளே கட்டிலில் இருந்து அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாவி, இவளும் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? காலையில் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கப்போகிறவரிடம் சொல்லக்கூடியதா அது?

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கொஞ்சம் தேறி உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். காதைத் தொட்டுக் காட்டி, போடு என்று விரலைச் சுழற்றினார். மகள் வெளியே போயிருந்தாள். இனியும் மறைக்கத் தெம்பில்லை அவளுக்கு. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "நான்தாங்க அழிச்சுட்டேன். என் கையாலதான். திட்டுங்க என்னை" என்றாள்.

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு உதடுகள் அசைந்தன. நீளமாக ஏதோ சொன்னார். திட்டினாரா, போனால் போகுது என்றாரா, அவளுக்குப் பிடிபடவில்லை. சட்டென்று குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். உதடு அசைவது கன்னத்தில் பட்டது. மூச்சுக்கூட அங்கே இல்லை. அது கழுத்தடியில் போட்டிருந்த துளை வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"கேக்கலைங்க" என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார்.